ஐந்து ஃபவுல் எடுக்கப் பட்ட பாடு

போன மாதம் கம்பனி விளையாட்டுக் கழகத்தில் இருந்து இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். துறைமுகத்துப் பக்கம் இருக்கிற பழைய சீமெந்துத் தளத்தை உடைத்து, கூரை போட்டு, பலகை பரப்பி, உள்ளரங்கு கட்டுகிறார்களாம். திறப்புவிழா மலருக்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டும். இருபது வயதில் கம்பனியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு வந்து, நாற்பத்தாறு வயது வரைக்கும் ஆடியவள் நான். அதன் இரகசியம் என்னவென்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம்.

“அன்ரி, அந்த நாளில என்ன சாப்பிட்டனீங்கள்?” என்று ஒருத்தி கொப்பியைத் திறந்தாள்.

“சோறு.”

“அதோட?”

“கறி.”

அதையும் எழுதிக்கொண்டாள். அவர்கள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் ஆடியதற்கு என் உயரமும் பயிற்றுநர் ரஷீத் சேரும் என் வீம்பும்தான் காரணம். ஆட்டத்தை விட்டதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அதை என் வீட்டுக்காரரைத் தவிர எவருக்கும் நான் சொன்னதில்லை. சொன்னால் ஒரு பிள்ளையின் வேலை போயிருக்கும். இப்போது அதற்குக் காரணமான கம்பனிச் சுற்றறிக்கையே நடைமுறையில் இல்லை. அதனால் எழுதுகிறேன். மலரில் போடுவதா விடுவதா என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்குச் சொந்த ஊர் கிளிவெட்டி. பெயர் ஞானேஸ்வரி. பதினைந்து வயதில் ஐந்தடி பத்து அங்குலம் வளர்ந்துவிட்டேன். நான் வரம்பில் நின்றால் வயலுக்கு வெருளி தேவையில்லை என்று அண்ணன்மார் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடினேன். ஆடினேன் என்பதைவிட வளையத்துக்குக் கீழே நிறுத்திவைத்தார்கள் என்பதுதான் சரி. திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கம்பனி கூடைப்பந்து ஆடும் பெண்களுக்கு வேலை தருகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். கூடைப்பந்தை அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை.

நேர்முகத்துக்குப் போனபோது மேசைக்குப் பின்னால் இருந்தவர் ரஷீத் சேர். களஞ்சியப் பொறுப்பாளர், அணியின் முகாமையாளர், பயிற்றுநர் எல்லாம் அவர்தான். கிண்ணியாக்காரர். நீளக்கை வைத்த வெள்ளைச் சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான். என்னைப் பார்த்தார். சான்றிதழ்களைப் பார்க்கவில்லை.

“அந்த அலுமாரிக்கு மேல ஒரு ஃபைல் இரிக்கு. எடுத்துத் தாங்க புள்ள” என்றார்.

பக்கத்தில் ஸ்டூல் இருந்தது. நான் அதைத் தொடாமல் கையை நீட்டி எடுத்துக் கொடுத்தேன். அவர் ஃபைலில் இருந்த தூசியைத் தட்டிவிட்டு, “திங்கக்கிழமை வாங்க” என்றார். நேர்முகம் அவ்வளவுதான்.

கடிதத்தில் எனக்குப் பதவி களஞ்சிய எழுதுவினைஞர். ஆனால் பந்துக்காகத்தான் எடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். காலை ஆறு மணிக்குப் பயிற்சி, எட்டரைக்கு மேசை, பின்னேரம் நாலரைக்கு மறுபடி பயிற்சி. பந்து இல்லையென்றால் கதிரையும் இல்லை. தளத்துக்கு ஒரு பக்கம் களஞ்சியச் சுவர், மறு பக்கம் இடுப்பளவு மதில், மதிலுக்கு அப்பால் கடல். விடியும்போது தளத்தில் மான்கள் படுத்திருக்கும். எங்கள் ஊர் மான்களுக்கு மனிதரைக் கண்டாலும் பயமில்லை, பந்தைக் கண்டாலும் பயமில்லை. அவற்றை எழுப்பி வீதிக்கு அனுப்புவதே எங்களுடைய முதல் உடற்பயிற்சி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நேராக எறிந்த பந்து வளைந்து போகும். வெளியூர் அணிகள் அதைப் பார்த்துத் திகைக்கும். நாங்கள் வெளியூர் போனால் காற்றில்லாமல் திகைப்போம்.

ரஷீத் சேர் வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கூடைப்பந்து ஆடியதில்லை. வேறு எவரும் பொறுப்பெடுக்க முன்வராததால் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். ஒரு வேலையைத் தந்தால் அதைப் படித்துத்தான் செய்வார். விதிப்புத்தகம் ஒன்றை எடுப்பித்து, களஞ்சியத்து விதிகளைப் படித்த மாதிரியே அதையும் மனப்பாடம் செய்தார். சத்தம் போடமாட்டார். நாங்கள் தோற்றுவிட்டு வந்தால், “சரி, என்ன குறைஞ்சிருக்கு எண்டு பாப்பம்” என்பார். நாங்கள் பொருள்களைத் தொலைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

முதல் வருடம் நான் எல்லாப் பந்துக்கும் பாய்வேன். எங்கே பந்து மேலே போனாலும் நானும் மேலே போவேன். ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் சேர் என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு துண்டுக் கடதாசி, அதில் பென்சில் கோடுகள்.

“புள்ள, இண்டைக்கு முப்பத்திநாலு தரம் பாஞ்சிரிக்கீங்க. பதினேழு தரந்தான் பந்து கெடச்சது. மிச்சம் பதினேழும் ஆருக்குப் பாஞ்ச?”

கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“முழங்கால் கம்பனி குடுக்கிற சாமான் இல்ல. உடைஞ்சா வேற எடுத்துத் தர ஏலா. இனி ஒரு ஆட்டத்துக்கு இருவது பாய்ச்சல். அதுக்கு மேல வேணுமெண்டா என்னட்டக் கேளுங்க.”

முதலில் சிரித்தேன். பிறகுதான் அது பகிடி இல்லை என்று தெரிந்தது. இருபதைத் தாண்டினால் என்னை வெளியே எடுத்து, ஓரத்தில் இருக்கிற வாங்குப் பலகையில் இருத்திவிடுவார். அப்படி மூன்று ஆட்டம் இருந்த பிறகு பாயாமல் பந்து எடுக்கப் பழகினேன். பந்து எறிபவளின் கையை விட்டுப் புறப்படும்போதே நான் வளையத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுவேன். என் எதிரியைத் தேடிப் போய், அவளுக்கும் வளையத்துக்கும் நடுவில் முதுகைக் கொடுத்து, இடுப்பால் அவள் தொடையைத் தொட்டுக்கொண்டு நிற்பேன். பார்க்கத் தேவையில்லை. அவள் எந்தக் காலில் பாரத்தைப் போடுகிறாள் என்பது என் இடுப்புக்குத் தெரியும். மூலையில் இருந்து எறிந்த பந்து தவறினால் பெரும்பாலும் எதிர் மூலைப் பக்கம்தான் விழும். கிட்ட நின்று எறிந்தால் கிட்ட விழும். ஓர் அடி முன்னால் போய் இடம் பிடித்துவிட்டால் பந்து தானாகக் கைக்கு வரும். வராவிட்டால்தான் பாய்ச்சல். பிறகு பிறகு ஓர் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பாய்ச்சலோடு முடித்துவிடுவேன்.

ஆட்டம் முடிந்தால் முழங்காலுக்கு ஐஸ். ஆஸ்பத்திரி ஐஸ் எங்களுக்கு ஏது? மீன்வாடியில் இருந்து ஒரு சாக்கில் வரும். அதைத் துவாயில் சுற்றிக் கட்டிக்கொண்டு மேசையில் இருந்து பதிவு எழுதுவேன். மதியத்துக்குள் களஞ்சியம் முழுக்கப் பாரை மீன் மணக்கும். துறைமுகத்துப் பூனைகள் என் மேசைக்குக் கீழே வரிசையில் வந்து இருக்கும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அலுவலகத்தில் வந்து விசாரித்தபோது, “அந்தப் பூனைகள் நிக்கிற மேசை” என்றுதான் காவலாளி காட்டியிருக்கிறார். அவர்கள் அப்படியே திரும்பிவிட்டார்கள். திரும்பாமல் வந்தவர் தபால் கந்தோரில் வேலை செய்த தவராசா. என்னைவிட ஐந்து அங்குலம் கட்டை. எங்கள் கலியாணப் படத்தில் நான் கதிரையில் இருக்கிறேன், அவர் நிற்கிறார்.

சண்டைக் காலத்தில் ஒரு தடவை ஆட்டத்துக்காகக் கொழும்புக்குக் கம்பனியின் வான் வண்டியில் போனோம். வழியில் ஒரு சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பையைத் திறந்தால் ஒட்டுப்பிளாஸ்டர் பன்னிரண்டு சுருள், பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் ஒன்று, ஊசிகள். அங்கிருந்த அதிகாரி என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். நீங்கள் யார் என்று சிங்களத்தில் கேட்டார். ரஷீத் சேர் வழக்கம்போல் அமைதியாக, இது கூடைப்பந்து அணி என்றார். எட்டுப் பெண்களையும் வெள்ளைச் சட்டைக்காரரையும் பார்த்தும் அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. வீதிக்கு அந்தப் பக்கம், மண்மூட்டைகளுக்கு மேல் ஒரு வெறும் பீப்பாய் இருந்தது. அதைக் காட்டி, போட்டுக் காட்டச் சொன்னார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துவக்கோடு நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் பந்து பீப்பாய்க்கு அப்பால் காட்டுக்குள் போனது. ஒரு சிப்பாய் ஓடிப்போய் எடுத்து வந்தார். இரண்டாவது விளிம்பில் பட்டுத் தெறித்தது. சேர் என் பக்கத்தில் வந்து, “காத்து இல்ல புள்ள. நேரா எறிங்க” என்றார். மூன்றாவது ‘தடங்’ என்று உள்ளே விழுந்தது. சிப்பாய்கள் கைதட்டினார்கள். அதிகாரி எங்கள் பெயர்களை எழுதிவிட்டு, வெல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

முப்பத்தொரு புள்ளியால் தோற்றோம். திரும்பி வரும்போது அதே அதிகாரி வானை மறித்து முடிவைக் கேட்டார். சேர் சொன்னார். அவர் எங்களைச் சோதிக்காமலே கையைக் காட்டி, போங்கள் என்றார். முகத்தில் அவ்வளவு கவலை. ஆனால் அதற்குப் பிறகு எந்த அரங்கில், எத்தனை பேர் கூவினாலும், ஃபவுலுக்காகக் கிடைக்கும் எறிதலுக்கு நிற்கும்போது என் கை நடுங்கியதில்லை. அவர்களிடம் துவக்கு இல்லையே.

வருடங்கள் போயின. சேர் ஓய்வு பெற்றுக் கிண்ணியாவோடு இருந்துவிட்டார். என்னோடு ஆடியவர்கள் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் ஆட வந்தார்கள். ஒரு முறை எதிரணியில் ஒருத்தி இடது பக்கமாகத் திரும்பத் திரும்ப ஏமாற்றப் பார்த்தாள். பந்தைப் பறித்துவிட்டு, “அம்மாவும் இடப்பக்கம்தான் திரும்புறவ. சுகமா இருக்கிறாவோ?” என்று கேட்டேன். அதற்குப் பிறகு பிள்ளை வலப்பக்கமாகத்தான் திரும்பினாள்.

எனக்கு நாற்பத்தைந்து வயதானபோது கம்பனிக்குப் புதிதாக ஒரு மனிதவள அதிகாரி வந்தார். அவருக்கு முப்பத்தொரு வயது. வந்ததும் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் அணியில் இருக்கக் கூடாது என்று ஒரு கடிதம் போட்டார். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் என்றால் நான் ஒருத்திதான். பன்மையில் எழுதியது மரியாதைக்காக இருக்கலாம். வயதைப் பார்க்காமல் உடம்பைப் பரிசோதியுங்கள் என்று நான் பதில் போட்டேன். டொக்டர் ஒருவரை ஒழுங்குசெய்தார்கள். ஒரு வாங்கில் ஏறி இறங்க வேண்டும், ஐந்து நிமிடம், பிறகு நாடி பார்ப்பார்கள். நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தானும் ஏறுவதாக அதிகாரி சொன்னார். மூன்றாவது நிமிடத்தில் அவரை இருத்தி, இளநீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. கடிதம் வாபஸ். பெரியவர், அதுதான் எங்கள் பொது முகாமையாளர், கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, என் படத்தை ஆளுயரத்துக்கு அடித்து வாசலில் வைக்கச் சொன்னார். அதற்குக் கீழே ‘வயதை வென்ற வீராங்கனை’ என்று எழுத்து. காலையும் மாலையும் என்னை நானே கடந்து வேலைக்குப் போனேன். அது மனிதருக்கு நல்லதல்ல.

அடுத்த வருடம் லீக் ஆட்டங்களில் ஒரு நிமிடமும் நான் வெளியே வரவில்லை. ஓர் ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம், நாற்பதும் நான்தான். எனக்கு மாற்றாக வாங்கில் இருந்தவள் ரிஸ்னா. மூதூர்ப் பிள்ளை, இருபத்திரண்டு வயது, என்னைவிட ஓர் அங்குலம் உயரம். தலையை மூடிய கறுப்புத் துணியோடும் நீளக்கைச் சட்டையோடும் ஆடுவாள். ஆடுவாள் என்பது பயிற்சியில். ஆட்டத்தில் வாங்கில் இருந்து எங்கள் துவாய்களை மடிப்பாள். நன்றாக மடிப்பாள். பிள்ளைக்கு ஆட அவ்வளவு விருப்பமில்லைப் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

கடைசி லீக் ஆட்டம் எங்கள் தளத்தில், கொழும்பு அணியோடு. அன்று மத்தியானம் ஆளணிப் பிரிவுக்கு ஒரு படிவம் கொடுக்கப் போனேன். அங்கிருந்த கமலா பேச்சோடு பேச்சாகச் சொன்னா.

“ரிஸ்னாவைப் பாக்கத்தான் பாவமாக் கிடக்கு. வாற மாதம் நிப்பாட்டப் போகினம்.”

“ஏன்?”

“விளையாட்டுக்கு எண்டு ஒப்பந்தத்தில வந்த பிள்ளையள் வருசம் முடியமுன்னம் லீக்கில இருபது நிமிசமாவது ஆடியிருக்க வேணும். அப்பதான் நிரந்தரம். சுற்றறிக்கை இருக்கு.”

“அவள் எத்தினை நிமிசம் ஆடியிருக்கிறாள்?”

கமலா என்னைப் பார்த்தா. “அக்கா, நீங்கள் வெளியில வந்தாத்தானே அவள் ஆடுறதுக்கு.”

“அவள் ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லையே.”

“உங்கட படம் வாசலில நிக்கேக்க அவள் எப்பிடிச் சொல்லுவாள்?”

படிவத்தைக் கொடுக்காமலே திரும்பி வந்தேன். இன்று ஒரு ஆட்டம்தான் இருக்கிறது. அதில் பாதி அவளுக்கு வேண்டும்.

நேரே அருள்ராஜிடம் போனேன். ரஷீத் சேருக்குப் பிறகு வந்த முகாமையாளர். நல்லவர், ஆனால் பெரியவரின் கார்ச் சத்தம் கேட்டாலே எழும்பி நிற்பார். அவரிடம் காரணத்தைச் சொன்னால் அது பெரியவரின் காதுக்கும் போய்விடும்.

“அருள், இண்டைக்கு ரிஸ்னாவைப் போடுங்கோ.”

“என்னக்கா கதைக்கிறீங்கள்? பெரியவர் குடும்பத்தோட வாறார், உங்களைப் பாக்க. அவரிட மனிசி உங்களோட படம் எடுக்க வேணுமாம்.”

“எனக்குக் கால் நோகுது.”

“டொக்டரும் வாறார். காட்டுவம்.”

ஆட்டம் தொடங்க முன் அந்த டொக்டர், என்னைப் பரிசோதித்த அதே டொக்டர், என் முழங்காலை அழுத்திப் பார்த்தார். மடக்கினார், நீட்டினார். “இது என்ர முழங்காலை விட நல்லம். போய் ஆடுங்கோ” என்றார். சுருண்டு விழுந்து நடித்திருக்கலாம். ஆனால் முன்வரிசையில் மனிதவள அதிகாரி இருந்தார். நான் விழுந்தால் அவர் முகத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பெருந்தன்மை வந்த நேரத்திலும் வீம்பு போகவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

இனி ஒரு வழிதான். ஐந்து ஃபவுல் செய்தால் ஆட்டத்தில் இருந்து வெளியேற வேண்டும், திரும்பி வர ஏலாது. இடைவேளைக்கு முன் ஐந்து. இருபத்தாறு வருடத்தில் நான் ஐந்து ஃபவுலில் வெளியே போனதே இல்லை. ஆனால் செய்வதற்கு என்ன கஷ்டம்? பிடித்துத் தள்ள எவருக்குப் படிப்பு வேண்டும்?

கொழும்பு அணியின் பதினோராம் நம்பர் பிள்ளை என்னோடு நின்றாள். இருபது வயதிருக்கும். முதல் பந்துக்கே அவளுடைய கையை இறுகப் பிடித்தேன். விசில் ஊதியது. நிம்மதியாகக் கையைத் தூக்கினேன். நடுவர் சிவகுமார் பதினோராம் நம்பரைக் காட்டினார். ஃபவுல் அவளுக்கு! நான் பிடிப்பேன் என்று அவரால் நினைக்கக்கூட முடியவில்லை. சிவகுமார் பள்ளிக்கூடக் காலத்தில் மதிலில் ஏறியிருந்து எங்கள் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்.

அடுத்த முறை தள்ளினேன். பிள்ளை விழுந்தாள். எழுந்து வந்து, “சொறி அன்ரி” என்று என் தோளைத் தடவினாள். விசில் இல்லை. நான் சிவகுமாரிடமே போனேன்.

“தம்பி, தள்ளினது நான்.”

அவர் கண் கலங்கிவிட்டது. “இந்தக் காலத்தில ஆரக்கா இப்பிடி உண்மை சொல்லுகினம்?” என்றார். சனம் கேட்டுவிட்டுக் கைதட்டியது. பெரியவர் எழும்பி நின்று தட்டினார். ஃபவுல் தரவில்லை.

முதல் பத்து நிமிடம் முடிந்தது. ஃபவுல் பூச்சியம். அதைவிட மோசம், எட்டுப் புள்ளி போட்டிருந்தேன். பந்து கைக்கு வந்தால் கை கேட்கிறதில்லை, அது தன்பாட்டில் போடுகிறது. வாங்கில் ரிஸ்னா எழும்பி எனக்குத் தண்ணீர் தந்தாள்.

“இண்டைக்கு நல்லா ஆடுறீங்க அக்கா.”

தண்ணீர் புரையேறியது.

இரண்டாவது பத்து நிமிடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. மற்ற நடுவர் மட்டக்களப்பில் இருந்து வந்த கண்ணாடிக்காரர். அவருக்கு என்னைத் தெரியாது. இரண்டு நடுவர்களும் ஒருவர் வளையத்தடியில், மற்றவர் பின்னால் என்று மாறி மாறி நிற்பார்கள். கண்ணாடிக்காரர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகப் பதினோராம் நம்பரைத் தேடிப் போனேன். சட்டையைப் பிடித்து இழுத்தேன். விசில். ஒன்று! கையில் அடித்தேன். இரண்டு. எதிரே ஓடி வந்தவளுக்கு இடுப்பைக் கொடுத்தேன். மூன்று. நாலாவது நான் செய்யவேயில்லை, கால் வழுக்கி அவள் மேல் விழுந்தேன். அதையும் தந்தார். அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

சனம் அவரைக் கூவத் தொடங்கியது. “கண்ணாடியைத் துடையும் ஐசே!” என்று யாரோ கத்தினார். மனிதர் பயந்துபோனார். அருள்ராஜ் ஒரு நிமிட இடைநிறுத்தம் கேட்டு எங்களைக் கூப்பிட்டார்.

“அக்கா, நாலு ஃபவுல். வேற நாள் எண்டா எடுத்துவிடுவன். பெரியவர் பாத்துக்கொண்டிருக்கிறார். கையைக் கட்டிக்கொண்டு சும்மா நில்லுங்கோ.”

இடைவேளைக்கு இன்னும் மூன்று நிமிடம். திரும்பிப் போய் பதினோராம் நம்பரை இரண்டு கையாலும் பிடித்தேன். கண்ணாடிக்காரர் வேறு பக்கம் பார்த்தார். மறுபடி பிடித்தேன். வானத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம். நடுவரை ஏசினாலும் அது ஒரு ஃபவுல்தான் என்பது ஞாபகம் வந்தது. ஆனால் நான் ஒருவரையும் ஏசிப் பழகவில்லை. அவருக்கு முன்னால் போய் நின்று, உள்ள பலத்தை எல்லாம் சேர்த்து, “உமக்குக் கண் தெரியாது!” என்றேன்.

அவர் மெல்லிய குரலில், “ஓம் அக்கா. அடுத்த மாதம் ஒப்பரேசனுக்கு நாள் தந்திருக்கினம்” என்றார்.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. பந்து என் கையில் இருந்தது. மதிலுக்கு அப்பால் கடல் தெரிந்தது. இரண்டு அடி ஓடி, பலம் கொண்ட மட்டும் எறிந்தேன். பந்து மதிலையும், மதிலில் இருந்த சனத்தின் தலைகளையும் தாண்டி, நல்ல வளைவாகப் போய்த் தண்ணீரில் விழுந்தது.

தூரத்தில் ஒரு தோணிக்காரர் பந்தை எடுப்பதற்குத் திரும்புவது மட்டும் தெரிந்தது. சிவகுமார் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஊதத் தைரியம் வரவில்லை. நான் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“ஊதும் தம்பி. உமக்குப் புண்ணியம் கிடைக்கும்.”

ஊதினார். ஐந்து. கடிகாரத்தில் ஒரு நிமிடம் நாற்பது விநாடி மிச்சம்.

அருள்ராஜ் வாங்கைப் பார்த்தார். அங்கே உயரமான ஆள் ஒருத்திதான் இருந்தாள். “ரிஸ்னா, போ” என்றார். அவள் மேல்சட்டையைக் கழற்றி வாங்கில் போட்டாள். உள்ளே போன அரை நிமிடத்தில் பதினோராம் நம்பரின் கையில் இலேசாகத் தொட்டாள். இரண்டு நடுவரும் ஒன்றாக விசில் ஊதினார்கள்.

நான் வாங்கில் இருந்து துவாய் மடித்தேன். சரியாக மடிய வரவில்லை. இரண்டாவது பாதியில் ரிஸ்னா முதல் நாலு பந்தையும் தவறவிட்டாள். பிறகு ஐந்தாவது விழுந்தது. அதற்குப் பிறகு அவளைப் பார்க்க வேண்டும்! நான் ஓர் அடி எட்டி வைத்துப் பிடிக்கிற பந்தை அவள் நின்ற இடத்தில் பாய்ந்து பிடித்தாள். பாய்ச்சலை எண்ணுவதற்கு யாரும் இல்லை. பதினாறு புள்ளி போட்டாள். நாங்கள் மூன்று புள்ளியால் தோற்றோம். பெரியவரின் மனைவி என்னோடு படம் எடுக்காமல் போய்விட்டா.

வீட்டுக்கு வந்தபோது தவராசா குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். செய்தி எனக்கு முன்னே வந்துவிட்டது.

“பந்தைக் கடலுக்குள்ள எறிஞ்சனியாம்?”

“ஓம்.”

“எவ்வளவு தூரம்?”

“தோணி கட்டுற தடிக்கு அங்கால.”

கொஞ்சம் யோசித்தார். “உன்ர வயதுக்குப் பரவாயில்லை” என்றார். அவருக்கு மட்டும் முழுவதையும் சொன்னேன். சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பொது இடத்தில் ஒழுங்கீனம், நடுவரை அவமதித்தல், கம்பனியின் பந்தைக் கடலில் எறிதல். உண்மையை எழுத ஏலாது. ரிஸ்னாவின் நிமிடங்கள் திட்டமிட்டுக் கொடுக்கப்பட்டவை என்று தெரிந்தால் அவற்றைத் தள்ளிவிடக்கூடும். இரண்டு மணித்தியாலம் வெறும் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எழுதினேன்: ‘வயது காரணமாகப் பொறுமை குறைந்துவிட்டது. இத்துடன் ஆட்டத்தில் இருந்து ஓய்வு பெறுகிறேன்.’

மனிதவள அதிகாரி அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். மிகவும் அன்பாக, “அக்கா, நான் போன வருசமே சொன்னனான்தானே” என்றார்.

“ஓம். சரியாத்தான் சொன்னனீங்கள்” என்றேன். என் வாழ்நாளில் விழுங்கிய மிகப் பெரிய மாத்திரை அதுதான்.

வாசலில் இருந்த என் படத்தை இறக்கி, அந்த இடத்தில் கம்பனியின் பாரந்தூக்கி ஒன்றின் படத்தை வைத்தார்கள். களஞ்சியத்தில் என் கதிரையை எடுக்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்றாகிவிட்டிருந்தது.

ரிஸ்னாவுக்கு நியமனக் கடிதம் வந்த அன்று மூதூரில் இருந்து எருமைத் தயிர்ச் சட்டிகள் கொண்டுவந்து எல்லா மேசைக்கும் வைத்தாள். என் மேசைக்குக் கடைசியாக வந்தாள். சட்டியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“அக்கா, ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே?”

“சொல்லு பிள்ளை.”

“அண்டைக்கு நீங்க வெளிய போகாம இருந்திருந்தா நாங்க வெண்டிருப்பம். மூணு புள்ளிதானே.”

“ஓம். வெண்டிருப்பம்.”

“உங்கட ஆட்டத்தப் பாத்துத்தான் நான் இங்க வந்த. அப்பிடிப்பட்ட நீங்க, ஒரு கோவத்தில...” சட்டியை மேசையின் நடுவுக்கு நகர்த்தினாள். “எங்கட உம்மாவுக்கும் இப்பிடித்தான் சடார் எண்டு கோவம் வரும். அவ ஒண்டுல இருந்து பத்து வரைக்கும் எண்ணுவா. நீங்களும் எண்ணிப் பாருங்க அக்கா. உடம்புக்கும் நல்லம்.”

“சரி, எண்ணுறன்” என்றேன்.

“இப்ப ஒருக்கா எண்ணுங்க, பாப்பம்.”

அவள் பகிடி விடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு எனக்காகக் காத்து நின்றாள். நான் தயிர்ச் சட்டியைப் பார்த்தபடி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். எட்டில் சிரிப்பு வந்துவிட்டது.

“பாத்தீங்களா,” என்றாள் ரிஸ்னா, “போயிட்டுது.”